தண்ணீருக்கு எத்தனை கண் விட்டிருக்கிறீர்கள்? – ரயில்வே, நெடுஞ்சாலை, நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வே, மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், நீர்வளத் துறை ஆகியவற்றில் பணியாற்றும் மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொரு அலுவலகமும் 'இது எங்கள் எல்லைக்குள் வராது' என்று அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிட இடம் உண்டு. ஆனால் 2023 டிசம்பரில் தாமிரபரணித் தென்கரையில் உங்கள் அத்தனை பேருடைய கட்டுமானங்களையும் உடைத்துக்கொண்டு போனது ஒரே தண்ணீர்தான். அதுவும் ஒரே இரவில்.

அந்தக் கணக்கை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 65 செ.மீ. சுமாருக்குத்தான் வரும். அன்றைக்குப் புயல்கூடக் கரையைக் கடக்கவில்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி நிலைகொண்டிருந்தது. அதுவே வானிலிருந்து ஒரு வருஷத்து மழையையும் அதற்கு மேலும் ஒரே நாளில் இறக்கிவிட்டுப் போனது.

அந்த இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளே 800 பேர் அளவில் பயணிகள். அங்கிருந்து செய்துங்கநல்லூருக்குப் போகும் வழியில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த சல்லியும் மண்ணும் கரைந்து போய், தண்டவாளம் சிலீப்பர் கட்டைகளோடு ஏணியைக் கிடத்தியது போல அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலை நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே மனம் பதறுகிறது. அந்த முடிவை எடுத்த நிலைய ஊழியர்களுக்கும், தண்ணீரைக் கவனித்துத் தகவல் சொன்ன தண்டவாளப் பணியாளர்களுக்கும் இந்த மாவட்டம் பட்டிருக்கும் கடன் பெரிது. பயணிகள் அங்கேயே சிக்கிக் கிடந்தபோது, தங்கள் வீடே தண்ணீரில் நிற்க, பக்கத்து ஊர் மக்கள் அரிசி கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். 19ஆம் தேதிதான் எல்லாரையும் வெளியே கொண்டுவர முடிந்தது. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது என்றால், தரைவழி எந்தப் பக்கமும் இல்லை என்று பொருள். என் கவலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரயிலை நிறுத்தியது மனிதர்களின் விழிப்பு. அந்த விழிப்பு ஒரு நாள் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே பழைய சாட்சி இருக்கிறது. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலவீனப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. 150 பேர் வரை இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தப் பதவி விலகலை இன்றைக்கும் மேடைதோறும் பேசுகிறோம். பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக எவ்வளவு வழி இருந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. 2005 அக்டோபர் 29 அன்று, அப்போது ஆந்திரத்திலும் இப்போது தெலங்கானாவிலும் உள்ள வலிகொண்டாவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். மேலே இருந்த ஒரு ஏரி உடைந்தது, கீழே இருந்த சின்ன ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது, பாசஞ்சர் ரயில் அந்தப் பள்ளத்தில் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. உடைந்தது பெரிய ஆற்றுப் பாலமல்ல என்பதைக் கவனியுங்கள். ஒரு குளமும் ஒரு சிறுபாலமும்தான்.

எங்கள் பக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை 1923இல் திறக்கப்பட்டது. கரை கரைந்த அந்த வருஷம்தான் அதற்கு நூறாவது வருஷம். அந்தப் பாதை போகும் நிலம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி இரண்டு மருதூரும் ஸ்ரீவைகுண்டமும். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடலை நோக்கி இறங்குகின்றன. ஒரு குளம் பெருகினால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து மறுகால் பாயும். அந்த மறுகால் தண்ணீர் ஓடை வழியாக அடுத்த குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஒரு நிலத்தின் குறுக்கே, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி என்று நீள்கிறது தண்டவாளக் கரை. அதற்குப் பக்கத்திலேயே சாலைகள். இந்தக் கரைகளில் தண்ணீர் போக விட்டிருக்கும் கண்களின், அதாவது பாலத்தடித் திறப்புகளின் அளவுதான் மழை நாளில் எந்த ஊர் மூழ்கும், எந்த ஊர் தப்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. கண் பத்தாவிட்டால் தண்டவாளக் கரையே அணையாகிவிடும். மேல்பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். கடைசியில் கரையின் தலைக்கு மேலே வழிந்து, கீழ்ப்பக்கச் சரிவை அரித்து, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஒரே ஒரு ஓடையைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். இதே போல இந்தப் பக்கம் நிறைய இருக்கிறது. ஒரு குளத்தின் மறுகாலிலிருந்து இறங்கும் ஓடை அது. மிஞ்சிய தண்ணீர் வழியும் கட்டான கலிங்கிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் முதலில் ஊருக்குள் போகும் தார்ச்சாலை குறுக்கிடுகிறது. அதன் அடியில் இரண்டு சிமெண்ட் குழாய்கள். ஒன்று பாதிக்கு மேல் மண் அடைத்துக் கிடக்கிறது. வாயில் சீமைக்கருவேல முள்ளும் பாலிதீன் பையும் சேர்ந்து பின்னிக்கொண்டிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் போனால் பெரிய சாலை. அதில் கான்கிரீட் பெட்டிப் பாலம், ஒரே கண், ஆள் குனியாமல் நுழையலாம். அதையும் தாண்டினால் ரயில் பாதை. அங்கே பழைய காலத்துக் கருங்கல் கட்டு, மூன்று கண். ஒரே ஓடை, ஒரே தண்ணீர். ஒருவர் இரண்டு குழாய் போதும் என்றார், ஒருவர் ஒரு பெட்டி போதும் என்றார், நூறு வருஷத்துக்கு முந்தைய பொறியாளர் மூன்று கண் வேண்டும் என்று நினைத்தார். இந்த மூன்று கணக்கையும் ஒரே மேசையில் ஒருநாளாவது யாராவது விரித்துப் பார்த்திருப்பார்களா? முதல் குழாயில் முட்டிய தண்ணீர் ஊருக்குள் திரும்பும். அந்தச் சாலையை வெட்டிவிட்டால் மொத்தமும் ஒரே வீச்சில் பெட்டிப் பாலத்தில் போய் மோதும். ஒருவர் தன் பாலத்தைப் பெரிதாக்கினால் அடுத்தவரின் பாலத்துக்கு ஆபத்து கூடும். சேர்ந்து செய்யாத வேலை, செய்யாமல் விட்டதை விட மோசமாகப் போகக்கூடிய இடம் இது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இதை வாசிக்கும் பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பாலத்தை வடிவமைக்கும்போது, 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம், முக்கியமான பாலமென்றால் 100 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் என்று ஒரு அளவை எடுத்துக்கொள்கிறீர்கள். கேட்பதற்கு '50 வருஷத்துக்குக் கவலை இல்லை' என்பது போல ஒலிக்கிறது. உண்மை வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அந்த வெள்ளம் வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்பதே அதன் பொருள். அப்படி 50 ஆண்டுகள் நிற்கும் பாலம், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது தன் அளவை மீறிய வெள்ளத்தைச் சந்திக்க 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. இது மழை மாறாமல் இருந்தால். மழை மாறிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 விழுக்காடு கூடும்; பெய்யும்போது அடித்துப் பெய்யும். நீங்கள் கையில் வைத்திருக்கும் மழை வரைபடங்கள் போன தலைமுறை மழையின் பதிவுகள். அவற்றை வைத்துப் போட்ட 50 ஆண்டு வெள்ளம், இப்போது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்? இந்தக் கேள்விக்குப் புது விடை கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த பாலத்துக்கு அடிக்கல் நாட்ட வேண்டும்.

தென்பெண்ணையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு–தொண்டமானூர் இடையே ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மூன்று மாதம்தான். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டபோது பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சுமார் 54,000 கன அடிக்குத்தான் பாலம் திட்டமிடப்பட்டது, வந்தது அதைப் போலப் பல மடங்கு என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வி அந்த 54,000 பற்றித்தான். மேலே ஒரு பெரிய அணை இருக்கிறது. அது திறந்தால் எவ்வளவு வரக்கூடும் என்பது நீர்வளத் துறைக்குத் தெரியும். கீழே பாலம் கட்டுகிறவருக்கு அந்த எண் போய்ச் சேர வேண்டாமா? எதிர்பாராத வெள்ளம் என்று சொல்வதற்கு முன்னால், எதிர்பார்க்க முயன்றோமா என்று கேட்டுக்கொள்வதுதான் நேர்மை.

இன்னொன்றும் உண்டு. வெள்ளத்தில் பல இடங்களில் பாலம் நிற்கிறது. பாலத்துக்கு ஏறும் சாலைதான் போய்விடுகிறது. ஏரலில் தாமிரபரணிப் பாலத்தை ஒட்டிய சாலையை 2023இல் ஆறு அறுத்துக்கொண்டு போனது இப்படித்தான். காரணம் எளிது. ஆறு வெள்ளக் காலத்தில் அகலமாக ஓடும். செலவு குறையட்டும் என்று பாலத்தின் நீளத்தைச் சுருக்கி, மிச்ச அகலத்துக்கு இருபக்கமும் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுகிறோம். ஆற்றின் வெள்ளப் பரப்பு ஒரு குறுகலான வாசலுக்குள் திணிக்கப்படுகிறது. அந்த வாசலில் நுழைய முடியாத தண்ணீர் மண் மேட்டின் மீது பாய்கிறது. மேட்டிலும் இடையிடையே கண் விட்டிருந்தால், மேட்டின் இரு முகத்திலும் கல் பதித்து அடியில் அரிப்பைத் தடுக்கும் கான்கிரீட் விரிப்பு போட்டிருந்தால், குறிப்பிட்ட ஒரு நீளத்தை மட்டும் தாழ்த்தி, வழிந்தாலும் உடையாத தளமாகப் போட்டிருந்தால், தண்ணீர் இறங்கியதும் போக்குவரத்து தொடங்கியிருக்கும். அறுபடாமல் சில மணி நேரம் மூழ்கிக் கிடக்கும் சாலை ஊருக்குச் சாபமல்ல. அறுந்து வாரக்கணக்கில் கிடக்கும் சாலைதான் சாபம். எதையும் மூழ்கவிடாமல் உயர்த்திக்கொண்டே போவது தீர்வாகாது என்பது என் உறுதியான எண்ணம். சாலையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அதன் மேல்பக்கம் இருக்கும் வீடுகளைக் குளத்துக்குள் தள்ளுகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அது இன்னும் எல்லாத் தெருவுக்கும் வந்து சேரவில்லை.

ரயில்வேயில் ஒரு நல்ல நடைமுறை இருக்கிறது. தண்டவாளத்துக்கு மேலே, உடைந்தால் பாதையைப் பாதிக்கக்கூடிய குளங்களையும் கால்வாய்களையும் பட்டியலிட்டு வைத்திருக்கிறீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மாநில அரசின் அலுவலர்களோடு சேர்ந்து அவற்றைப் பார்வையிட வேண்டும் என்று விதியும் இருக்கிறது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். குளத்தையும் ரயிலையும் ஒரே கண்ணால் பார்க்கும் ஏற்பாடு, எனக்குத் தெரிந்தவரை, நம் நாட்டில் வேறு எந்தத் துறையிலும் இவ்வளவு தெளிவாக எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் கோப்புக்குள் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளம் அதில் இருக்கிறதா, கடைசியாக எப்போது பார்த்தார்கள், கரையில் என்ன குறை எழுதினார்கள், அது சரி செய்யப்பட்டதா என்று ஊரில் ஒருவருக்கும் சொல்லப்படுவதில்லை. மடை திறக்கும் ஆளிடம் கேட்டால், எந்த இடத்தில் கரை கசியும், எந்தக் கலிங்கு எத்தனை நாழிகையில் நிரம்பும் என்று விரல்விட்டுச் சொல்வார். அவருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் இடையில் ஒரு தொலைபேசி எண் பரிமாறப்பட்டிருந்தால் போதும். எந்த உணர்கருவியும் தராத முன்னறிவிப்பு கிடைக்கும். உணர்கருவியும் வேண்டும்தான். பெரிய பாலங்களில் நீர்மட்டம் காட்டும் கருவிகளைப் பொருத்தி வருகிறீர்கள். அதைச் சின்னக் குளங்களின் மறுகாலிலும் வைத்து, மழைமானி ஒன்றையும் சேர்த்து, ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் தகவல் போகும்படி செய்யுங்கள். நெடுஞ்சாலைத் துறையும் இதே பட்டியலைத் தன் சாலைகளுக்கு எழுதட்டும். அரசுப் பேருந்து ஓட்டுநர் இரவில் முழங்கால் அளவு தண்ணீரைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும் நிலை இருக்கக் கூடாது. இத்தனை செ.மீ. மழை பதிவானால், இந்தக் குளம் மறுகால் பாய்ந்தால், இந்த வழித்தடம் நிற்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த விதி வேண்டும்.

ரயில்வே பாலத் தூண்களில் பெயிண்டில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று அபாய மட்டம், இன்னொன்று இதுவரை வந்த உச்ச வெள்ள மட்டம். மேலே உள்ள கோட்டுக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதே அந்தப் பாலத்தின் எதிர்காலம். வெள்ளம் புதுச் சாதனை படைத்தால் கோட்டை உயர்த்தி வரைந்துவிடலாம். பெயிண்ட்டும் பிரஷும் போதும். இடைவெளியை மீட்டுத் தருவதுதான் வேலை. சென்னையில் வியாசர்பாடிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள பாலத்தில் தண்ணீர் அபாய மட்டத்தைத் தொட்டது என்று 2021, 2023, 2024 என வருஷத்துக்கு வருஷம் ரயில்களை நிறுத்துகிறீர்கள். நிறுத்துவது சரியான முடிவு. ஆனால் ஒரே பாலம் திரும்பத் திரும்ப அதே காரணத்தால் தலைநகரின் ரயில் போக்குவரத்தைக் கட்டிப்போடுகிறது என்றால், அது விபத்து அல்ல. பாக்கி வைத்த வேலை.

அப்புறம் சுரங்கப்பாதைகள். ஆளில்லா லெவல் கிராசிங்குகளை மூட வேண்டும் என்றீர்கள். நல்ல காரியம், எத்தனையோ உயிர்கள் தப்பின. அகலப்பாதையில் 2019 தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் நீக்கி முடித்தாயிற்று. ஆனால் பல ஊர்களில் அவற்றுக்குப் பதிலாகத் தண்டவாளத்துக்கு அடியில் கான்கிரீட் பெட்டிகளை இறக்கி வழி செய்தீர்கள். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய எந்தக் குழியும் மழையில் நிரம்பும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் நஞ்சைப் பகுதியில் மழை இல்லாத நாளிலும் ஊறும். பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நடப்பதையும், பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள் நடுத் தண்ணீரில் அணைந்து நிற்பதையும் தமிழ்நாட்டின் எந்த ரயில் பாதை ஓர ஊரிலும் காணலாம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், இப்படி ஒரு சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். அதற்குப் பிறகும் மோட்டார் வைத்து இறைப்பதையே தீர்வாகச் சொல்கிறீர்கள். மழை கொட்டும் இரவில்தான் மின்சாரமும் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் தானாக வடிய முடியாத இடத்தில் சுரங்கப்பாதை வேண்டாம். மேம்பாலமோ, ஆள் வைத்த கேட்டோ வையுங்கள். ஏற்கெனவே தோண்டியவற்றில், பாதையின் வாயிலில் ஆழ அளவுக் கம்பமும், குறிப்பிட்ட உயரம் தாண்டினால் இறங்கும் தடுப்பும் இந்த மழைக்கு முன்பே வந்தாக வேண்டும். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளம் செய்தியாகிறது, வெயில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளத் தண்டவாளம் பத்து டிகிரி சூடானால் 11 செ.மீ.க்கு மேல் நீளப் பார்க்கும். தொடர்ச்சியாகப் பற்றவைத்த தண்டவாளத்துக்கு நீள இடமில்லை. அழுத்தமாக உள்ளே தங்கும். சல்லியின் பிடி தளர்ந்த இடத்தில் பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால்தான் கோடை நடுப்பகலில் தண்டவாளப் பணியாளர்கள் பாதையை நடந்து பார்க்கிறார்கள். ஊரே நிழல் தேடும் நேரத்தில் சல்லி மேல், இரும்புச் சூட்டின் நடுவே, தோளில் கருவிகளோடு நடக்கும் அந்த மனிதர்களுக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு நிழற்கூரை, எத்தனை தண்ணீர்ப் பானை இருக்கிறது? பேருந்து நிறுத்தங்களிலும் இதே கதைதான். பளபளக்கும் எஃகுத் தகட்டில் நிழற்குடை வைக்கிறோம். மதியம் அந்த இருக்கையில் கை வைக்க முடியாது. சாலை அகலப்படுத்த வெட்டிய புளியமரத்துக்குப் பதிலாக அது நிற்கிறது. சாலையை அகலப்படுத்தும் மதிப்பீட்டிலேயே மரத்துக்கும் கம்பியைப் போல, சிமெண்டைப் போல ஒரு வரி எழுதுங்கள்; வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றும் செலவையும் சேர்த்து.

மலைப்பாதைகளில் மண் சரிவதையும், கடலோரச் சாலைகளைக் கடல் அரிப்பதையும் இங்கே விரிக்கவில்லை. அவை ஒவ்வொன்றும் தனி மடல் கேட்கும்.

இதையெல்லாம் செய்யப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பாலத்தையும் எல்லாச் சாலையையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வழியை மட்டும் முதலில் தேர்ந்தெடுங்கள்: மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும், அரிசிக் கிடங்குக்கும், மாவட்டத் தலைநகருக்கும் போய்ச் சேரும் ஒரே ஒரு வழி, எந்த மழையிலும் அறுபடாத வழி. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக்கு அது இல்லாமல்தான் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் டயாலிசிஸ் நோயாளிகளையும் வைத்துக்கொண்டு குடும்பங்கள் தவித்தன. அந்த வழியில் உள்ள சிறுபாலங்களைப் புது மழைக் கணக்கில் சரிபார்த்து, தேவையான இடத்தில் கூடுதல் கண் வைத்து முடியுங்கள். அதற்கு அடுத்த வழி அடுத்த வருஷம். இன்னொரு வழியும் இருக்கிறது: வெள்ளத்தில் உடைந்ததைச் சரி செய்யும்போது 'பழைய நிலைக்குக் கொண்டுவருதல்' என்று மதிப்பீட்டில் எழுதுவதை நிறுத்துங்கள். உடைந்த நிலைக்குக் கொண்டுபோனதே அந்தப் பழைய நிலைதான். எப்படியும் செலவழிக்கப் போகிற பணத்தில் புது அளவுக்குக் கட்ட விதியை மாற்றினால் போதும். பாதி வேலை பேரிடர் நிதியிலேயே முடிந்துவிடும். பேரிடர் தாங்கும் உட்கட்டமைப்புக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பை 2019இல் முன்னின்று தொடங்கிய நாடு நம்முடையது. தமிழ்நாட்டுக்கென்று காலநிலை மாற்ற இயக்கமும் இருக்கிறது. அங்கே பேசுகிற பேச்சு செய்துங்கநல்லூர் சிறுபாலத்தின் வரைபடத்தில் வந்து இறங்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்துக்குள், தாமிரபரணியின் கடைசி இரண்டு அணைக்கட்டுகளுக்குக் கீழே உள்ள குளங்களையும், அவற்றின் ஓடைகளைக் கடக்கும் ஒவ்வொரு சாலையையும், திருச்செந்தூர் ரயில் பாதையையும் நான்கு துறைகளும் சேர்ந்து ஒரே நேரத்தில் நடந்து பாருங்கள். ஜீப்பில் போனால் குழாயின் வாய் தெரியாது. ஒவ்வொரு ஓடைக்கும் மேலிருந்து கீழ் வரை எத்தனை கரை, ஒவ்வொன்றிலும் எத்தனை கண், என்ன அளவு, 2023 மழையில் எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு போக முடிந்தது என்று ஒரே தாளில் எழுதுங்கள். நடக்கும் தேதியை ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே ஒட்டுங்கள். விவசாயிகள் வருவார்கள், மடை ஆட்கள் வருவார்கள். 17ஆம் தேதி இரவு எந்தப் பக்கமிருந்து முதலில் தண்ணீர் வந்தது என்று கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தத் தாளைத் தமிழில் எழுதி, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எல்லாரும் படிக்கும்படி வையுங்கள். குறை எழுதிய இடத்துக்கு எதிரே, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடியும் என்ற இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். தென்பெண்ணைக்கும் வியாசர்பாடிக்கும் இதே தாள் வேண்டும். ஆனால் முதலில் இங்கே தொடங்குங்கள், ஏனென்றால் எந்த இடத்தில் உடையும் என்பதை இங்கே தண்ணீரே எழுதிக் காட்டிவிட்டது.

நடக்கும் நாளைச் சொல்லுங்கள். நாங்கள் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
தாமிரபரணித் தென்கரையிலிருந்து ஒரு ரயில் பயணி